வரப்புக்கும் கணக்கு இருக்கு

(திருவண்ணாமலையில் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் பேசியது)



மண்வெட்டி பிடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நூறு நாள் வேலையில் வரப்பு போட்டோம், குட்டை வெட்டினோம். ஆனால் குட்டை எங்கே வரணும், கலுங்கு எவ்வளவு அகலம் வேணும் என்று நம்மை யாரும் கேட்கவில்லை. "அது படிச்சவங்க கணக்கு" என்றார்கள். அந்தக் கணக்கைத்தான் இன்று பார்ப்போம்.

ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர் தண்ணீர். கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், மிச்சம் ஓடும். மொட்டைச் சரிவில் அதிகம் ஓடும். மரமும் புல்லும் இருந்தால் குறையும். 10 ஹெக்டேர் சரிவில் மணிக்கு 6 சென்டிமீட்டர் வீதம் மழை கொட்டி, பத்தில் மூன்று பங்கு ஓடி வந்தால், நொடிக்கு 500 லிட்டர். முப்பது குடத்துக்கு மேலே! கலுங்கு அவ்வளவையும் வெளியே விடணும். இல்லாவிட்டால் தண்ணீர் கரைமேல் ஏறி கரையையே அறுத்துவிடும். நம் உழைப்பு ஒரே மழையில் போச்சு.

அதனால்தான் வேலையை மேட்டிலிருந்து தொடங்கணும். முதலில் சரிவில் சமமட்ட வரப்பு, பிறகு ஓடையில் கல் தடுப்பு, கடைசியில் குட்டை. சமமட்டம் பார்க்க இரண்டு மூங்கில், குறுக்கே ஒரு கழி, உச்சியிலிருந்து கல் கட்டித் தொங்கவிட்ட கயிறு போதும். கயிறு கழியின் நடுக்குறியில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். இதை நம் குழுவே செய்யலாம்.

மலையடிவாரத்தில் இருக்கிற நமக்கு இது விளையாட்டு இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் நம் அண்ணாமலையார் மலையில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அத்தனை சரிவையும் வரப்பு தாங்கிவிடாது. எந்தச் சரிவில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று சொல்லவும் படித்தவர் வேணும்.

அந்தப் படிப்பு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இருக்கு. பெயர் வேளாண் பொறியியல். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிச்சிருக்கணும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. "பொண்ணுக்கு எதுக்கு கணக்கு குரூப்?" என்று வீட்டில் கேட்டால், இந்தக் கலுங்குக் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபையில் குட்டை வேலை வந்தால் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை ஏக்கர் தண்ணீர் இங்கே வருது? கலுங்கு அகலம் என்ன? மேட்டு வேலை முடிஞ்சுதா?

பதில் கிடைத்த பிறகு மண்வெட்டி எடுப்போம்.