பரீட்சை மாதத்தில் பிள்ளையின் பக்கத்தில்

(எழுத்தறிவு மையத்தில் கூடிய பெற்றோருக்கான உரை)



பிப்ரவரி பிறந்தால் போதும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "பரீட்சை வருது! பரீட்சை வருது!" என்பதே அந்தப் பேச்சு.

இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பள்ளி ஆண்டு முடிகிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு. மற்ற வகுப்புகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு. நடுவே செய்முறைத் தேர்வு, ஆண்டு விழா, பெற்றோர் கூட்டம் என்று ஒவ்வொன்றாக வரும். ஆசிரியருக்கும் ஓய்வு இல்லை. பிள்ளைக்கும் ஓய்வு இல்லை.

வீட்டு வேலை மட்டும் குறைகிறதா? இல்லை. அதுவும் அந்த மாதங்களில்தான் கூடுகிறது.

பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஏப்ரலில் கோதுமை அறுவடை. ஜார்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் மார்ச், ஏப்ரலில் இலுப்பைப் பூ உதிரும். விடியும் முன்பே கூடையோடு போய்ப் பொறுக்க வேண்டும். பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் குடும்பங்கள் பல, கரும்பு வெட்ட வெளியூர் போகின்றன. அவர்கள் ஊர் திரும்பும் காலமும் ஏறக்குறைய இதுதான். செங்கல் சூளைகளிலும் வேலை மும்முரமாக நடக்கும். இதோடு வெயில், தண்ணீர்க் கஷ்டம், கல்யாணம், திருவிழா எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இப்படி வேலை குவியும்போது என்ன நடக்கிறது? உடம்பு ஓர் இடத்தில் இருக்கிறது. மனம் வேறோர் இடத்தில் ஓடுகிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணி. அம்மா அரிசி களைகிறார். மனமோ நாளைக்குக் கட்ட வேண்டிய கடனை எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்பா திண்ணையில் இருக்கிறார். கண் கைப்பேசியில் இருக்கிறது. மகள் வந்து நிற்கிறாள்.

"அம்மா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை. பயமா இருக்கும்மா."

"போய்ப் படிடி. படிச்சா பயம் போயிடும்" என்கிறார் அம்மா. தலை நிமிரவில்லை.

அப்பாவிடம் போகிறாள். "ம்... ம்..." என்கிறார் அப்பா. அவரும் நிமிரவில்லை.

வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் இல்லை.

அவள் கேட்டது என்ன? கணக்கா? இல்லை. கணக்கைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார். தன் பயத்தைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். அதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை. காசும் தேவை இல்லை. தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

"மனதை ஓர் இடத்தில் நிறுத்த முடியுமா? அது முனிவர்களுக்குத்தானே முடியும்?" என்று சிலர் கேட்கலாம். உழைப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். தறியில் உட்கார்ந்தவர் இழையைத்தான் பார்ப்பார். கவனம் போனால் இழை அறும். நாற்று நடுகிறவர் விரல் நடும் இடத்தில்தான் கண்ணை வைப்பார். ஊசியில் நூல் கோக்கும்போது யாரும் கடனை நினைப்பதில்லை. நினைத்தால் நூல் நுழையாது. வேலைக்குக் கொடுக்கும் அதே கவனத்தைத் தினமும் கொஞ்ச நேரம் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எப்படிக் கொடுப்பது?

முதலில், நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அடுப்பைத் தணித்து வையுங்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். நடுவில் புத்தி சொல்ல வேண்டாம். "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்கவும் வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது, தேர்வு அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். நாள், பாடம், நேரம் மூன்றையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். பொதுத் தேர்வு என்றால், முதல் நாள் இரவே நுழைவுச் சீட்டை எடுத்துத் தேர்வு மையத்தின் பெயரைப் படியுங்கள். மையத்துக்கு வந்து எழுத்துக் கற்றீர்களே, அது இங்கே உதவும். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் பிள்ளை பார்க்கும். "இவங்களும் என்கூட இருக்காங்க" என்று அதற்குத் தைரியம் வரும்.

மூன்றாவது, வேலையைப் பங்கு போடுங்கள். பல வீடுகளில் பரீட்சை நாளிலும் பெண் பிள்ளைதான் தண்ணீர் தூக்குகிறாள். தம்பியையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இந்த மாதத்தில் அப்பாவும் அண்ணனும் குடம் எடுக்கட்டும். பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இரவில் தூங்க வேண்டும். தூக்கம் இல்லாவிட்டால் படித்தது மனதில் நிற்காது.

நான்காவது, உங்களுக்கே பதற்றம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நான்கு முறை மெல்ல மூச்சு விடுங்கள். கையில் இருக்கும் ஒரு வேலையை மட்டும் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னும் ஒன்று. இது மிக முக்கியம்.

பரீட்சைக்கும் மதிப்பெண்ணுக்கும் பயந்து உயிரை விடும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பிள்ளை சாப்பிடாமல் இருக்கிறதா? தூங்காமல் இருக்கிறதா? யாரோடும் பேசாமல் ஒதுங்குகிறதா? "நான் இருந்து என்ன பயன்?" என்று சொல்கிறதா? அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். திட்டாதீர்கள். தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது மத்திய அரசு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண். இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டு எண்களையும் இன்றே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பரீட்சையில் தோற்றால் எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் துணைத் தேர்வு எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் நடக்கிறது. பள்ளியை விட்டவர்களும் அதில் சேர்ந்து தேர்வு எழுதலாம்.

கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா என்று ஒரு பாட்டி இருந்தார். சின்ன வயதில் அவருக்குப் பள்ளிப் படிப்புக் கிடைக்கவில்லை. 2018இல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினார். அப்போது அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கினார். 2020இல் குடியரசுத் தலைவர் கையால் விருது பெற்றார். 96 வயதிலும் படிப்பின் கதவு திறந்தே இருந்தது. 15 வயதில் அது மூடிவிடுமா? இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பரீட்சைக்கு முன்பே சொல்லுங்கள்.

பரீட்சை முடிந்த பிறகும் கவனம் வேண்டும். "பாடம்தான் முடிந்ததே" என்று சிலர் பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போன பிள்ளை சில சமயம் பள்ளிக்குத் திரும்புவதே இல்லை. எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் இப்படி நின்றுவிடுவது உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வேலை நாட்களுக்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள். ஆறு முதல் எட்டு வரை 220 நாள். கடைசி நாளும் பள்ளி நாள்தான். அந்த நாள் வரை அனுப்புங்கள். மதிப்பெண் அட்டையை நீங்களே போய் வாங்குங்கள். அடுத்த வகுப்பு எப்போது தொடங்கும் என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே! தந்தைமார்களே! அறுவடை காத்திருக்காது. கடன்காரர் காத்திருக்க மாட்டார். அது உண்மைதான். ஆனால் ஒரு நாளில் பத்து நிமிடம் பிள்ளைக்கு உண்டு. அதை இன்று இரவே கொடுக்கத் தொடங்குங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் என்ன வேலை அதிகம்?

2. பிள்ளைக்காகப் பத்து நிமிடம் எந்த நேரத்தில் ஒதுக்கலாம்?

3. உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யாராவது உண்டா? அவர்களுக்கு என்ன செய்யலாம்?