வடிகட்டியைத் திறந்து பார்த்தீர்களா?

(பெங்களூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் என் தவறை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பெங்களூரில் 60க்கு 40 அடி மனைகளில் உள்ள வீடுகளுக்கு 2009ல் இது சட்டப்படி கட்டாயமாயிற்று. நானும் மாடியிலிருந்து குழாய் இறக்கி, வடிகட்டி பொருத்தி, சம்ப்புடன் இணைத்தேன். அத்துடன் மறந்தும் போனேன். 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி, டேங்கர் லாரிக்குக் காத்திருந்த ஒரு காலையில்தான் வடிகட்டியைத் திறந்தேன். உள்ளே இலையும் சேறும் கெட்டித்துக் கிடந்தன. பல வருஷத்து மழை சாக்கடைக்குப் போயிருக்கிறது! "ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை பண்ணினேளே, நம்மாத்து வடிகட்டியைப் பார்க்கலையே?" என்றாள் என் மனைவி. என்னிடம் பதில் இல்லை.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடியில் வருஷத்துக்கு 900 மி.மீ. பெய்தால் 90,000 லிட்டர். சேதாரம் போக 80 சதவீதம் கிடைத்தாலும் 72,000 லிட்டர். அதாவது 6,000 லிட்டர் டேங்கர் 12.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. 1978ல் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் பணியாற்றியவன் நான். அங்கே வருஷ மழை 300 மி.மீ.கூட இல்லை. ஆயினும் வீட்டருகே 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி இருக்கும். அதைச் சுற்றிச் சரிவாக மெழுகிய தரைக்கு 'ஆகோர்' என்று பெயர். மழைக்கு முன் பெண்கள் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். செருப்புக் காலுடன் நான் அதில் ஏறியபோது ஒரு கிழவர் கையைப் பிடித்து இறக்கி விட்டார்! பக்கத்து ஜெய்சல்மேரில் விவசாயத்துக்கு 'கடீன்' என்ற முறை உண்டு. தாழ்வான வயலின் குறுக்கே மண்கரை கட்டி, மேட்டுநிலத்து மழைநீரைத் தேக்குவார்கள். நீர் ஊறி வடிந்ததும், அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளையும். பாலிவால் பிராம்மணர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை இது.

அவர்களிடம் சட்டம் இல்லை, பராமரிப்பு இருந்தது. நம்மிடம் சட்டம் இருக்கிறது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். டெல்லி, மும்பையில் ஜூனுக்கு முன்பும், சென்னையில் அக்டோபருக்கு முன்பும் மாடியைப் பெருக்குங்கள். வடிகட்டியின் மணலையும் கூழாங்கல்லையும் அலசிப் போடுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடியுங்கள். கொசு புகாமல் தொட்டியை மூடி வையுங்கள். குடிப்பதானால் காய்ச்சிக் குடியுங்கள். மிகுந்ததைக் கிணற்றுக்கோ ஊறல் குழிக்கோ விடுங்கள்; கழிவுநீர் மட்டும் அதில் கலக்கக் கூடாது.

இப்போது மே மாதம் பிறந்ததும் முதல் வேலையாக வடிகட்டியைக் கழற்றுகிறேன். எழுபது வயதுக்கு மேல் ஏணி ஏறத் தேவையில்லை. அது தரைமட்டத்தில்தான் இருக்கிறது. இத்தனை நாள் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.