நாற்பது நாட்களும் நம் பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டு விழாவின் மகளிர் அமர்வில் ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. நம் மம்சாபுரத்துப் பெண்களும் பேறுகாலத்துக்குத் திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ சென்று வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வீடு திரும்பியபின் அனைவர் பார்வையும் குழந்தை மீதே விழுகிறது. பெற்றவளை எவரும் கேட்பதில்லை.

என் அக்காவின் கதை இது. தலைப்பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் குளிரும் காய்ச்சலும் கண்டது. "பால் காய்ச்சல்தான், தானே இறங்கிவிடும்" என்றார்கள். நாற்பது முடியாத பச்சை உடம்புக்காரி வாசற்படி தாண்டக் கூடாது என்று பாட்டியார் உறுதியாக நின்றார். உதிரத்தில் துர்நாற்றம் இருந்ததை வெட்கத்தால் அக்கா யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாலை வண்டி பிடித்தோம். அவர் திரும்பி வரவில்லை. கருப்பையில் பற்றிய கிருமித் தொற்று என்றார் மருத்துவர். நான் செவிலிப் படிப்பில் சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

நாற்பது நாள் ஓய்வை நான் குறை கூறவில்லை. அடுப்படி வேலையின்றிப் பெண்ணொருத்தி படுத்திருக்க நம் முன்னோர் அளித்த உரிமை அது. அந்த ஓய்வே சிறையாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. நிபாஸின் உச்ச வரம்பு ஹனபி மத்ஹபில் 40 நாட்கள், ஷாபிஈ மத்ஹபில் 60 நாட்கள் என்பதை நாம் அறிவோம். தொழுகைக்காக நாளைக் கணக்கிடுகிறோம். உதிரத்தின் அளவைக் கணக்கிடுவதில்லை. ஒரு மணி நேரத்திற்குள் ஒரு துணி முழுதும் நனையுமானால் அது இயல்பன்று. காய்ச்சல், கடுந்தலைவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், வலிப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 108 வண்டியை அழையுங்கள். வண்டி வருவதற்குள் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். குழந்தை பிறந்து ஆறு வாரம் வரையிலும் இரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரக்கூடும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூண்டும் நல்லெண்ணெயும் நல்லவைதாம். ஆனால் வயிறு பெருக்கும் என்று தண்ணீரை அளந்து கொடுப்பது பால் கொடுக்கும் தாய்க்குச் செய்யும் அநீதியாகும். இரும்புச்சத்து மாத்திரையைப் பேறுகாலத்திற்குப் பிறகும் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். 1987இல் தொடங்கப்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2018 முதல் ரூ.18,000 என உயர்ந்த உதவியில், ரூ.4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெட்டகத்தின் நெய் விருந்தாளிக்கும், பேரீச்சம்பழம் வீட்டாரின் நோன்பு திறப்புக்கும் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். (சிரிப்பு)

இனிச் சொல்லப்போவது சிரிப்பதற்குரியதன்று. சில பெண்கள் காரணமின்றி அழுவார்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாமல் உறக்கமிழந்து, பிள்ளையை ஏறிட்டும் பாராதிருந்தால் அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. தாயத்துக் கட்டி மூலையில் உட்கார வைப்பதும், பெண் குழந்தை பெற்றதற்காக மாமியார் முகம் சுளிப்பதும் நோயை முற்றச் செய்யும்.

தாய் பாலூட்டும் காலத்தில் அவளுக்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் கடமையாகத் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம் விதிக்கிறது. திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்காகவே இதைக் கூறுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரசவத்துக்குப் பின் ஒரு நாளேனும் மருத்துவமனையில் தங்குவதோடு, இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒருமுறையும், இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும், ஆறாம் வாரத்தில் ஒருமுறையும் தாயைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. ஏழாம் நாள் அகீகாவுக்கு இமாம் அவர்களை அழைக்காத வீடு நம்மூரில் இல்லை. நிர்வாகிகளிடம் நான் வேண்டுவது இதுதான்: பெயர் சூட்டும் வேளையில், "குழந்தையின் தாய் நலமா? செவிலி வந்து பார்த்தாரா?" என்று இமாம் அவர்கள் வீட்டாரிடம் கேட்கட்டும். பார்க்கவில்லை என்றால் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலிக்குத் தகவல் சொல்ல ஜமாஅத் ஓர் ஆளை நியமிக்கட்டும். இந்தக் கோரிக்கையை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைத்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.