திரையில் புற்றுநோய்

1962-ஆம் ஆண்டில் ஸ்ரீதரின் இயக்கத்தில் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில், புற்றுநோயால் பீடிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கணவன், தனக்கு மரணம் நேர்ந்தால், சிகிச்சை செய்யும் டாக்டரையே மறுமணம் செய்துகொள்ளுமாறு மனைவியை வேண்டுகிறான். அந்த டாக்டரோ அவள் ஒரு காலத்தில் நேசித்தவர். நோயாளியைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டர் உயிர் துறப்பதாகக் கதை முடிகிறது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1952-இல், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா எடுத்த ‘இகிரு’ படத்திலோ தியாகத்துக்குப் பதிலாக மௌனமே குடும்பத்தைச் சூழ்கிறது. வயிற்றுப் புற்றுநோய் கண்ட முதிய நகராட்சி உத்தியோகஸ்தர் தம் வேதனையை மகனிடம் சொல்லக் காத்து இருட்டறையில் அமர்ந்திருக்க, அதை அறியாத மகனும் மருமகளும், அவருடைய ஓய்வுக்காலப் பணத்தில் புதுவீடு கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டே வந்து விளக்கைப் போடுகிறார்கள். அவர் சொல்ல வந்த விஷயம் கடைசிவரை சொல்லப்படாமலே போகிறது.

கதாசிரியர்கள் பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே வர்ணிக்கிறார்கள். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்து, வார்டு வராந்தாவில் பாய் விரித்து உறங்கி, நகையை அடகு வைத்துச் செலவைச் சமாளிக்கும் உறவினரின் சிரமம் அபூர்வமாகவே சித்திரிக்கப்படுகிறது. ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணமாகக்கூடிய புற்றுநோய்கள் பல உண்டு என்பதும் கதைகளில் மறைந்துவிடுகிறது. ஆகவே, இந்நோய் நம் இல்லத்தில் நுழைந்தால், அதை ஒளிக்காமல் மனம்விட்டுப் பேசுவதும், பணிவிடை செய்பவருக்கும் ஓய்வளிப்பதும் நம் கடமையாகும்.