ஜெர்மனிக்குப் போகும் செவிலியரும் அவர் கையிலுள்ள சான்றிதழ்களும்



நம் ஊர் நர்சிங் கல்லூரிகளில் படித்து, ஐசியு-விலும் பிரசவ வார்டிலும் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் பலர் இன்று ஜெர்மன் மொழி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் செவிலியருக்குப் பெரும் தட்டுப்பாடு. ஆனாலும் போய் இறங்கியதும் பலருக்கு உதவியாளர் வேலைதான் கிடைக்கிறது. தகுதி அங்கீகாரம் கைக்கு வரும்வரை அவர்கள் செவிலியர் என்ற பெயரில் பணிபுரிய முடியாது.

ஜெர்மனியில் எல்லாத் தொழிலுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மென்பொருள் எழுதுபவருக்கு உரிமம் தேவையில்லை. மருத்துவம், மருந்தியல், செவிலியம் போன்ற உயிர் காக்கும் தொழில்களுக்கு அது கட்டாயம். வெளிநாட்டில் பெற்ற தகுதியை ஜெர்மன் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை, எந்த நாட்டுக் குடிமகனுக்கும் தரும் சட்டம் 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முடிவு சொல்வது மத்திய அரசு அல்ல. 16 மாநிலங்களின் அதிகார அமைப்புகள். எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் நடப்பது காகித ஒப்பீடுதான். நரம்பில் ஊசி போடுவதில் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. முதியோர் பராமரிப்பு எத்தனை மணி நேரம் படித்தீர்கள், மனநலப் பிரிவில் எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள் என்று உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் தேடுவார்கள். மதிப்பெண் மட்டும் போட்டு, மணிக்கணக்கு போடாத டிரான்ஸ்கிரிப்ட் என்றால், படித்த பாடமும் படிக்காத கணக்கில் போய்விடலாம். ஊரில் இருக்கும்போதே கல்லூரிக்குப் போய், பாடவாரியாக வகுப்பு நேரமும் பயிற்சி நேரமும் எழுதி முத்திரை வைத்து வாங்கிவிடுங்கள். பிள்ளை வெளிநாடு போனபின் வயதான அப்பா அந்தக் காகிதத்துக்காகக் கல்லூரி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். கேட்காமலேயே இதைக் கொடுப்பது கல்லூரிகளின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

பணி அனுபவச் சான்றிதழும் அவ்வளவு முக்கியம். படிப்பில் உள்ள குறையை அனுபவத்தால் ஈடுகட்டச் சட்டம் இடம் தருகிறது. "நல்ல முறையில் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் அதற்குப் போதாது. எந்த வார்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன பொறுப்பு என்று விவரம் இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு குறைகிறது என்று பட்டியலிட்ட ஓர் ஆணை வரலாம். அதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். அது நிராகரிப்பு அல்ல. குறையுள்ள பகுதிகளில் மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெறலாம். அல்லது வாய்மொழியும் செய்முறையும் கொண்ட தேர்வுக்குப் போகலாம். அந்தத் தேர்வில் தவறினால் ஒரு முறை மீண்டும் முயலலாம். ஜெர்மன் சரளமாக வந்துவிட்டவர்களுக்குத் தேர்வு நல்ல வழி. மற்றவர்களுக்குப் பயிற்சியே பாதுகாப்பு என்பேன். எப்படிப் போனாலும் அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 நிலை மொழித்தேர்ச்சி வேண்டும்.

இன்னொன்றும் மனத்தை வருத்தும். நம் மருத்துவமனைகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் பெரும்பாலும் உறவினர் வேலை. அங்கே அது செவிலியரின் வேலை. "இதற்கா நாலு வருஷம் படித்தேன்?" என்று கலங்கியவர்கள் உண்டு. அந்த வலி நியாயமானது. ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் தோல் நிறமும் மூச்சும் பேச்சும் மாறுவதை முதலில் கண்டுபிடிப்பது அந்த நேரத்தில்தான். அங்கே அதையும் செவிலியரின் அறிவாகவே மதிக்கிறார்கள்.

2024 மார்ச் முதல், முதலாளியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்கே போன பிறகே அங்கீகார வேலையைத் தொடங்கவும் தனி விசா உண்டு. விண்ணப்பிக்கும் முன் சந்தேகம் இருந்தால், பான் நகரில் வெளிநாட்டிலிருப்போருக்கென்றே இயங்கும் அரசு ஆலோசனை மையத்தில் கட்டணமில்லாமல் கேட்கலாம். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். உதவியாளர் சம்பளம் எதுவரை, செவிலியர் சம்பளம் எந்த நாளிலிருந்து? இடையில் வேலையை விட்டால் மொழிப் பயிற்சிச் செலவில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? பதில் வாய்வார்த்தையாக வந்தால், எழுதித் தரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.