எரிவது எண்ணெய் அன்று
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிமினி விளக்கின் ஒளியில் படித்துத் தேறியவர்கள் நம்முள் பலர். அவ்விளக்கு நமக்குக் கல்வியைத் தந்தது. கவனம் பிறழ்ந்தபோது கூரையையும் கொண்டுபோயிற்று. அதனை விதியென்று கூறி அமைந்தோம். அது விதியன்று, இயற்கையின் ஒழுங்கு. அவ்வொழுங்கை அறிந்தால் நம்மைக் காத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் எரிகிறது என்கிறோம். உண்மையில் எரிவது திரவமன்று. அதிலிருந்து எழும் ஆவியே. அவ்வாவி காற்றுடன் தக்க அளவில் கலத்தல் வேண்டும். பொறியோ சுடரோ அதனைத் தொடுதல் வேண்டும். பெட்ரோல் ஆவி, காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை இருக்கும்போதுதான் தீப்பற்றும். குறைந்தாலும் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது.

பெட்ரோல், சுழிக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றப் போதுமான ஆவியைத் தரும். ஆகவே நம் ஊரில் அது எந்நேரமும் அபாயமே. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். திரியில் ஊறிய சிறிதளவு எண்ணெயைத் தீக்குச்சி விரைவில் சூடேற்றுவதால் விளக்கு எரிகிறது. ஆனால் சித்திரை வெயிலில், தகரக் கொட்டகையில் வைத்த மண்ணெண்ணெய் தானாகவே அவ்வெப்பத்தை எட்டக்கூடும். அதில் சிறிது பெட்ரோல் கலந்திருந்தாலோ, விளக்கே வெடிக்கலாம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மும்மடங்குக்கும் மேல் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து சென்று, எட்டத்திலுள்ள அடுப்பைத் தொட்டுத் தீயுடன் திரும்பும். எனவே வீட்டினுள் பெட்ரோல் வைக்கலாகாது. சூடாறாத அடுப்பில் எண்ணெய் ஊற்றலாகாது. எரியும் எண்ணெய்மேல் நீர் ஊற்றலாகாது. எண்ணெய் நீரில் மிதந்து தீயைப் பரப்பும். மணலிட்டு மூடிக் காற்றைத் தடுத்தல் வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர், 1860ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். அணைந்த திரியிலிருந்து எழும் ஆவியில் சுடரைக் காட்டி, தீ அவ்வாவி வழியே திரிக்குத் தாவுவதை விளக்கினார். அவர் கொல்லரின் மகன். நூல் கட்டும் கடையில் தொழில் பயின்றபோது, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றார்.

மாணவர்களே! மெழுகுவத்தி எல்லார் வீட்டிலும் எரிந்தது. அது ஏன் எரிகிறது என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியை நீங்கள் கேளுங்கள். விடையை அறிந்து, இன்றிரவே உங்கள் தாயாரிடம் அடுப்பங்கரையில் அமர்ந்து சொல்லுங்கள். நாம் கற்ற கல்வி நம் தெருவைக் காக்கட்டும்.