மெஷின் ஓட்டினவங்களே மெஷின் செஞ்ச கதை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் வெள்ளகவியிலிருந்து வந்திருக்கிறேன்.

காப்பிப் பழம் உரிக்கிற மெஷின் வாங்கக் கடன் கேட்டு எங்கள் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். பழத்தைப் பறிச்ச அன்னைக்கே தோல் உரிச்சாத்தான் கொட்டை நல்லா வரும். அப்படி உரிச்சுக் காயவச்சதுக்குப் பழத்தைவிட நல்ல விலை கிடைக்கும். அந்த மெஷினைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், கோயம்புத்தூரில் ஒரு மெஷின் கம்பெனி வளர்ந்த கதையைச் சொல்கிறேன்.

அந்தக் கதையும் காப்பியில்தான் தொடங்குது. 1861-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் கோயம்புத்தூரில் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழில் ஆரம்பித்தார். பிறகு 1888-ல் நூல் மில் வந்தது. 1910-ல் குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். 1930-களில் நீலகிரி மலையில் பைக்காரா தண்ணியிலிருந்து எடுத்த கரண்ட் வந்ததும் மில்கள் பெருகின.

ஆனால் மில்லுக்கு வேண்டிய மெஷின் சீமையிலிருந்து கப்பலில் வரணும். ஒரு பல்சக்கரம் உடைஞ்சா எத்தனை நாள் காத்திருக்க முடியும்? அதனால் ஊருக்குள்ளேயே பட்டறைகள் வந்தன. ரிப்பேர் பார்த்த கைகள் பாகம் செய்யக் கற்றன, அப்புறம் மோட்டாரும் பம்ப்செட்டும் செய்தன. 1937-ல் ஜி.டி. நாயுடு அங்கே மின் மோட்டார் செய்து காட்டினார்.

1962-ல் குப்புசாமி நாயுடுவின் மகன் தேவராஜுலு, லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். நூற்பு மெஷின் செய்ய, சுவிட்சர்லாந்து நாட்டு ரீட்டர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொழில் கற்றார்கள். வெறுமனே நூல் மெஷினோடு நின்றுவிடவில்லை. 1988-ல் கம்ப்யூட்டர் வைத்து இரும்பைக் கடையும் மெஷினும் செய்யத் தொடங்கினார்கள். பின்னால் விமானத்துக்கான பாகங்கள், சீனாவில் ஒரு தொழிற்சாலை என்று வளர்ந்தார்கள்.

ஜப்பானிலும் இப்படித்தான். சாகிச்சி டொயோடா, வீட்டில் அம்மா தறி நெய்யும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1891-ல் மரத்தறிக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால், இழை அறுந்தால் தானே நிற்கும் தறியைச் செய்தார். 1926-ல் தறிக் கம்பெனி தொடங்கினார். இன்னைக்கு ரோட்டில் ஓடுற டொயோட்டா கார் அந்தத் தறிக் கம்பெனியிலிருந்து பிறந்ததுதான்.

இதில் நமக்கு என்ன இருக்குன்னு கேட்பீங்க. இவங்க யாரும் மெஷினை வாங்கி வச்சுட்டுச் சும்மா இருக்கலை. ஏன் நிக்குது, எது தேயுதுன்னு பார்த்தாங்க. அந்த அறிவுதான் முதல். பணம் அதுக்கு அப்புறம்தான்.

எங்க ஊருக்குச் சாமான் தலைச்சுமையாகவும் குதிரை மேலயும்தான் வந்திருக்கு. மெஷின் நின்னுபோனா மெக்கானிக் உடனே மலையேறி வருவாரா? மானியத்தில் வந்த எத்தனையோ மெஷின் சாக்கு போட்டு மூடிக் கிடக்கிறதை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். கடன் தவணை மட்டும் நிக்காது.

அதனால் கூட்டமைப்பிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, கையால் சுற்றி ஓட்டுகிற, பிரித்துச் சுமக்க முடிகிற மெஷினாகப் பார்க்கணும். இரண்டு, தேயக்கூடிய தகடு, பேரிங் இவற்றை மெஷினோடு சேர்த்தே வாங்கணும். மூன்று, எங்கள் பெண்கள் இரண்டு பேரைப் பட்டறைக்கு அனுப்பி, பிரித்து மாட்டக் கற்றுக்கொடுக்கணும். அதற்கான செலவையும் கடன் தொகையிலேயே எழுதணும்.

ஸ்பேனர் பிடிக்கிறது ஆம்பளை வேலைன்னு சொல்வாங்க. கிரைண்டர் பெல்ட்டையும் தையல் மெஷின் பாபினையும் தினம் சரிபண்ணுறது யாரு? நம்மதானே! கூட்டமைப்பு நல்ல முடிவு எடுக்கும் என்று நம்புகிறேன்.